தேவதூதர்கள் யார்? சிறகுகளைத் தாண்டி ஓர் எளிய விளக்கம்

தேவதூதர் என்றதும் எல்லார் மனதிலும் ஒரு படம் வந்துவிடுகிறது. வெள்ளை அங்கி, பெரிய சிறகுகள், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். ஒரு குழந்தை இறந்துவிட்டால், "அவன் தேவதூதனாகிவிட்டான்" என்று பெற்றோருக்கு ஆறுதல் சொல்கிறார்கள். கடிகாரத்தில் 11:11 கண்ணில் பட்டால் அது தூதர்கள் அனுப்பும் குறி என்று இணையத்தில் எழுதுகிறார்கள். இதில் கிறிஸ்தவ நம்பிக்கை எது, ஓவியர்களின் கற்பனை எது, எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது எது என்று பிரித்துப் பார்ப்பது எளிதல்ல. ஞாயிறு தவறாமல் ஆலயம் போகிறவர்களிடமும் இந்தக் குழப்பம் உண்டு.

குழப்பம் இருந்தால் என்ன, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட முடியாது. ஒரு பக்கம், இதெல்லாம் குழந்தைகளுக்குச் சொல்லும் கதை என்று ஒதுக்கிவிடுகிறோம். இன்னொரு பக்கம், கடவுளிடம் கேட்க வேண்டியதைத் தூதர்களிடம் கேட்கத் தொடங்கிவிடுகிறோம். வேதாகமம் சொல்லும் தூதர்களுக்கு இரண்டுமே பொருந்தாது.

சீர்திருத்த (புராட்டஸ்டன்ட்) சபைகளில் தேவதூதர் என்பதும், கத்தோலிக்கர் வானதூதர் என்பதும், பழைய கத்தோலிக்க வழக்கில் சம்மனசு என்பதும் ஒருவரைத்தான். இந்தக் கட்டுரையில் சுருக்கமாகத் 'தூதர்' என்றே சொல்கிறேன்.

ஒரு நாட்டின் தூதுவரை நினைத்துக்கொள்ளுங்கள்

ஒரு நாட்டின் தூதுவர் இன்னொரு நாட்டின் அதிபரைச் சந்திக்கப் போகிறார். அவர் பேசுவது அவருடைய சொந்தக் கருத்து இல்லை. அவரை அனுப்பிய அரசின் வார்த்தை. அவரை அவமதித்தால் அந்த நாட்டையே அவமதித்ததாக எடுத்துக்கொள்வார்கள். ஆனாலும் யாரும் அவரை அந்த நாட்டின் அரசர் என்று நினைப்பதில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்ததும் அவர் கிளம்பிவிடுவார். அரசுக்குத் தெரியாமல் தன் சொந்தக் கணக்கில் பேரம் பேச ஆரம்பித்தால், அந்த நிமிடமே அவர் துரோகி.

கிறிஸ்தவ நம்பிக்கையில் தூதர்கள் ஏறக்குறைய இப்படித்தான். அவர்களுடைய அதிகாரம் முழுவதும் இரவல் அதிகாரம். லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தில், வயதான குரு சகரியா தனக்குக் கிடைத்த செய்தியை நம்பத் தயங்குகிறார். வந்தவர் தன் பலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. தான் கடவுளின் சந்நிதியில் நிற்கிற காபிரியேல் என்றும், பேச அனுப்பப்பட்டவன் என்றும் சொல்கிறார். எங்கே நிற்கிறார், யார் அனுப்பினார் என்ற இரண்டில் அவருடைய அறிமுகம் முடிந்துவிடுகிறது.

பழைய ஏற்பாட்டின் ஒரு புதிருக்கும் இந்த ஒப்புமை கொஞ்சம் கைகொடுக்கும். எரியும் முட்செடியில் மோசேக்குக் 'கர்த்தருடைய தூதனானவர்' தோன்றினார் என்று யாத்திராகமம் சொல்கிறது. அடுத்த வசனங்களிலேயே கடவுள் நேரடியாகப் பேசுகிறார். பேசியது தூதரா, கடவுளா? அனுப்பியவரின் குரலாகவே தூதர் பேசுகிறார் என்பது ஒரு விளக்கம். 2-ஆம் நூற்றாண்டின் ஜஸ்டின் போன்ற பழைய சபைத் தந்தையர், அதாவது தொடக்கக் காலச் சபை ஆசிரியர்கள், வேறொன்று சொன்னார்கள்: மனிதராகப் பிறப்பதற்கு முன்பே கிறிஸ்து இப்படித் தோன்றினார் என்று. இரண்டு வாசிப்பும் இன்றுவரை இருக்கின்றன.

படைக்கப்பட்டவர்கள், ஆனால் மனிதர்கள் அல்ல

இது எல்லாவற்றுக்கும் அடித்தளம். பெரும்பாலான சபைகள் ஏற்கும் பழைய நிசேயா விசுவாச அறிக்கை கடவுளை, காணப்படுகிறவையும் காணப்படாதவையுமான எல்லாவற்றையும் படைத்தவர் என்கிறது. அந்தக் காணப்படாதவற்றில் தூதர்கள் அடக்கம். 1215-இல் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் என்ற ஆயர்கள் பேரவை இதை இன்னும் தெளிவாகச் சொன்னது: ஆவிக்குரியதையும் சடப்பொருளையும், தூதர்களையும் இந்த உலகத்தையும், கடவுளே ஒன்றுமில்லாமையிலிருந்து உண்டாக்கினார். ஆகவே தூதர்கள் குட்டிக் கடவுள்கள் அல்லர். கடவுளிடமிருந்து பிரிந்து வந்த துண்டுகளும் அல்லர். அவர்களுக்கும் ஒரு தொடக்கம் உண்டு.

அதே சமயம் அவர்கள் இறந்துபோன மனிதர்களும் இல்லை. மனிதர் வேறு படைப்பு, தூதர் வேறு படைப்பு. ஒன்று இன்னொன்றாக மாறுவதில்லை. உயிர்த்தெழுந்தவர்கள் "தேவதூதரைப்போல் இருப்பார்கள்" என்று இயேசு சொன்னாரே என்று கேட்கலாம். மத்தேயு 22-ஆம் அதிகாரத்தில் அந்தப் பேச்சு எழுந்த இடத்தைப் பாருங்கள். ஏழு சகோதரரை ஒருவர்பின் ஒருவராக மணந்த பெண், மறுமையில் யாருக்கு மனைவி என்று, உயிர்த்தெழுதலை நம்பாத யூதப் பிரிவினரான சதுசேயர் கேட்கிறார்கள். அங்கே திருமணம் இல்லை என்பதற்குத்தான் அந்த ஒப்பீடு. மனிதர் தூதராகிவிடுவார் என்பதற்கு இல்லை.

குழந்தையை இழந்தவர்களிடம் போய் இதைத் திருத்திச் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நேரத்துக்கு அது அன்பில் வருகிற வார்த்தை. ஆனால் கிறிஸ்தவம் கொடுக்கிற நம்பிக்கை அதைவிடப் பெரியது என்பதை மறக்கக் கூடாது. அந்தக் குழந்தை வேறு ஏதோ ஒன்றாக மாறாமல், அதே குழந்தையாக, உடலோடு உயிர்த்தெழும் என்பதே சபையின் அறிக்கை.

சுருக்கமாக: தூதர்கள் கடவுளுக்குக் கீழே, படைப்பு என்ற எல்லைக்குள் நிற்கிறார்கள். அந்த எல்லைக்குள் நாமும் இருக்கிறோம். ஆனால் அவர்களும் நாமும் ஒரே இனம் இல்லை.

உடல் இல்லாத அறிவு

எபிரெயர் நிருபம் தூதர்களைப் "பணிவிடை ஆவிகள்" என்கிறது. ஆவி என்றதும் புகை மாதிரி, நிழல் மாதிரி, மெல்லிய உடல் கொண்ட ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொள்கிறோம். சபையின் சிந்தனையாளர்கள் நாளடைவில் வந்து சேர்ந்த முடிவு அது இல்லை. ஆவி என்றால் சடப்பொருளே கலக்காத, அறிவும் சுதந்திரமான விருப்பமும் உள்ள ஓர் ஆள். எடை, நிறம், வயது, ஆண், பெண் என்று எதுவும் இல்லை. ஆனால் அறிகிறார், தேர்ந்தெடுக்கிறார், நேசிக்கிறார்.

இதை மிக ஆழமாக யோசித்தவர் 13-ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்குவினாஸ். உடல் இல்லாத ஒருவர் ஓர் இடத்தில் இருக்கிறார் என்றால் என்ன பொருள் என்று அவர் கேட்டார். நாம் நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்காருகிற மாதிரி தூதர் இடத்தை நிரப்புவதில்லை. எங்கே செயல்படுகிறாரோ அங்கே இருக்கிறார் என்பது அவர் பதில். யோசித்துப் பார்த்தால் நல்ல பதில்தான். ஓர் ஊசிமுனையில் எத்தனை தூதர்கள் நடனமாடலாம் என்று இடைக்கால அறிஞர்கள் சண்டை போட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறதே, அப்படி ஒரு விவாதம் நடந்ததற்கு ஆதாரம் இல்லை. பின்னால், 17-ஆம் நூற்றாண்டில், அவர்களைப் பரிகசிக்கப் பயன்பட்ட வரி அது.

சரி, உடல் இல்லையென்றால் மனிதர்கள் எப்படிப் பார்த்தார்கள்? தேவையான நேரத்தில் தேவையான தோற்றத்தில் வந்தார்கள் என்பதுதான் வேதாகமத்தின் போக்கு. தோபித்து நூலில், இளம் தோபியாவோடு நெடும் பயணம் முழுவதும் வழித்துணையாக நடந்து வந்தவர், கடைசியில்தான் தன்னை ரபேல் என்று வெளிப்படுத்துகிறார். தான் உண்டதாகத் தெரிந்ததெல்லாம் வெறும் காட்சியே என்றும் சொல்லிவிடுகிறார். இந்த நூல் கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் (கிழக்கத்திய மரபு) சபைகளின் வேதாகமத்தில் உண்டு. சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் இல்லை.

அவர்களுக்கு எல்லாம் தெரியும் என்றும் எண்ண வேண்டாம். மனுஷகுமாரன் வரும் நாள் பரலோகத்திலுள்ள தூதர்களுக்கும் தெரியாது என்று இயேசுவே சொன்னார். மனிதருக்கு அறிவிக்கப்பட்ட நற்செய்தியைத் தூதர்கள் உற்றுப் பார்க்க ஆசையாயிருக்கிறார்கள் என்று பேதுருவின் முதல் நிருபம் சொல்கிறது. நமக்குக் கிடைத்ததை அவர்கள் ஆவலோடு எட்டிப் பார்க்கிறார்கள்!

அப்படியானால் சிறகுகள்?

வேதாகமத்தில் சிறகுள்ளவர்கள் இருக்கிறார்கள். ஏசாயா 6-இல் வரும் சேராபீன்களுக்கு ஆறு சிறகுகள். இரண்டால் முகத்தை மூடி, இரண்டால் கால்களை மூடி, இரண்டால் பறக்கிறார்கள். எசேக்கியேல் கண்ட கேருபீன்களுக்கு நான்கு சிறகுகள், நான்கு முகங்கள். இவர்கள் கடவுளின் சிங்காசனத்தைச் சூழ்ந்து நிற்பவர்கள். கன்னம் உப்பிய குழந்தையைக் கேருபீன் என்று வரைவது மறுமலர்ச்சிக் காலத்து ஓவியர்களின் கைவண்ணம். பழைய ரோமக் கலையின் மன்மதச் சிறுவர்களிடமிருந்து அந்த உருவம் வந்தது. ஏதேன் தோட்டத்தின் வழியைக் காக்க வைக்கப்பட்ட கேருபீன்களை அந்த உருவத்தில் நினைத்துப் பார்க்கவே முடியாது.

மனிதர்களிடம் செய்தி கொண்டுவருகிற தூதர்களின் கதைகளில் சிறகு பற்றிப் பேச்சே இல்லை. ஆபிரகாமிடம் வந்தவர்கள் மூன்று மனிதர்களாகத் தெரிந்தார்கள். இயேசுவின் கல்லறைக்குள் பெண்கள் கண்டது வெள்ளை அங்கி அணிந்த ஒரு வாலிபனை என்கிறார் மாற்கு. தொடக்கக் காலக் கிறிஸ்தவக் கலையும் இதையே பின்பற்றியது. ரோமில் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில், மரியாளுக்கு மங்கள வார்த்தை சொல்லும் காட்சி என்று கருதப்படும் பழைய ஓவியத்தில், எதிரே நிற்பவருக்குச் சிறகு இல்லை. 4-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்துதான் சிறகுள்ள தூதர்கள் பரவலாகத் தெரிகிறார்கள். கிரேக்க, ரோம வெற்றித் தேவதையின் உருவம் அதற்கு ஒரு முன்மாதிரி.

சிறகு வரைவது தவறு என்பதில்லை. விரைவையும் விண்ணுலகத்தையும் காட்ட ஓவியருக்கு ஓர் அடையாளம் வேண்டும். அடையாளத்தையே ஆளாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல்.

அவர்களுடைய வேலை என்ன?

கடவுளைத் துதிப்பது முதல் வேலை. "பரிசுத்தர், பரிசுத்தர், பரிசுத்தர்" என்ற சேராபீன்களின் பாடலை இன்றும் பல சபைகள் நற்கருணை வழிபாட்டில் பாடுகின்றன. செய்தி சொல்வது, காப்பது, பலப்படுத்துவது, தண்டனையை நிறைவேற்றுவது எல்லாம் அதற்கு அடுத்து வருபவை. இதைப் பட்டியலாகப் படிப்பதைவிட இரண்டு மூன்று இடங்களை அருகில் போய்ப் பார்ப்பது நல்லது.

எலியா தீர்க்கதரிசி உயிருக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடுகிறார். ஒரு சூரைச்செடியின் கீழ், போதும் கர்த்தாவே, சாக வேண்டும் என்று சொல்லிவிட்டுப் படுத்துத் தூங்கிவிடுகிறார். ஒரு தூதர் வந்து தட்டி எழுப்புகிறார். அறிவுரை இல்லை, கண்டிப்பும் இல்லை. எழுந்து சாப்பிடு என்கிறார். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதர் இரண்டாம் தரம் வந்து தட்டி எழுப்புகிறார்: சாப்பிடு, போக வேண்டிய தூரம் அதிகம். மனம் முறிந்துபோன ஒருவருக்கு முதலில் தேவைப்படுவது தூக்கமும் உணவும்தான் என்பது அனுப்பியவருக்குத் தெரிந்திருக்கிறது.

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தில் பேதுரு சிறையில் இருக்கிறார். இரண்டு சங்கிலிகள், இரு பக்கமும் போர்ச்சேவகர்கள். தூதர் அவரை விலாவில் தட்டி எழுப்பி, கச்சையைக் கட்டு, பாதரட்சையைப் போட்டுக்கொள், மேலங்கியைப் போர்த்திக்கொள் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். நகரத்துக்குப் போகும் இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது. ஒரு தெரு தூரம் கூட வருகிறார், அப்புறம் காணோம். விடைபெறவில்லை, நன்றிக்குக் காத்திருக்கவும் இல்லை. பேதுருவும் கர்த்தர் தம் தூதனை அனுப்பினார் என்றுதான் சொல்கிறார். நன்றி அனுப்பியவருக்குப் போய்ச் சேருகிறது.

இதே அதிகாரத்தின் தொடக்கத்தை நாம் பல நேரம் தாண்டிப் போய்விடுகிறோம். யோவானின் சகோதரனான யாக்கோபை ஏரோது வாளால் கொன்றான் என்று அங்கே இருக்கிறது. யாக்கோபுக்குத் தூதர் வரவில்லை. பேதுரு அதிகம் ஜெபித்தார், யாக்கோபு குறைவாக ஜெபித்தார் என்று எந்த விளக்கமும் இல்லை. தூதர்கள் நம் கையில் உள்ள பாதுகாப்பு ஏற்பாடு அல்லர், அனுப்பப்பட்டால் வருவார்கள். இயேசு கைதாவதற்குச் சற்று முன், கெத்செமனே தோட்டத்தில் ஒரு தூதர் இயேசுவைப் பலப்படுத்தினார் என்று லூக்கா எழுதுகிறார். ஆனால் அந்தத் தூதர் துன்பத்தின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போகவில்லை. பன்னிரண்டு லேகியோனுக்கு மேற்பட்ட தூதர்களைக் கேட்டிருக்கலாம் என்று இயேசுவே சொன்னார், கேட்கவில்லை. லேகியோன் என்பது ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட ரோமப் படைப்பிரிவு. விபத்தில் தப்பியவர் தூதர் காப்பாற்றினார் என்று நன்றி சொல்லட்டும். தப்பாதவரைத் தூதர் கைவிட்டுவிட்டார் என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது.

சுருக்கமாக: தூதரின் வேலை எதுவானாலும் அது அனுப்பியவரைச் சுட்டுகிறது. வேலை முடிந்ததும் அவர் விலகிவிடுகிறார்.

பெயர்களும் வரிசைகளும்

சீர்திருத்த சபைகளின் வேதாகமத்தில் பெயர் சொல்லப்படும் நல்ல தூதர்கள் இருவர்: மிகாவேலும் காபிரியேலும். தோபித்து நூலைச் சேர்த்தால் ரபேல் மூன்றாமவர். கத்தோலிக்க சபை இந்த மூவரையும் அதிதூதர்கள், அதாவது தலைமைத் தூதர்கள், என்று செப்டம்பர் 29 அன்று நினைவுகூர்கிறது. வேறு பெயர்களைச் சூட்டுவதை அது ஊக்குவிப்பதில்லை; 745-இல் ரோமில் கூடிய சங்கம், பெயர் தெரியாத தூதர்களைப் பெயர் சொல்லி மன்றாடிய ஒரு போதகரைக் கண்டித்தது. ஊரியேல் போன்ற பெயர்கள் வேறு பழைய யூத நூல்களில் வருபவை. ஆர்த்தடாக்ஸ் மரபில் அவற்றுக்கு இடம் உண்டு.

தூதர்களில் ஒன்பது அணிகள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சேராபீன்கள் மேலே, சாதாரணத் தூதர்கள் கீழே என்ற அந்த வரிசையை ஒழுங்குபடுத்தியவர், 5-ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி தியோனீசியு என்ற பெயரில் எழுதிய ஒருவர். பெயர்கள் வேதாகமத்தில் அங்கங்கே இருப்பவை, அடுக்கியது அவர். மரபு என்ற அளவில் மதிக்கலாம், விசுவாசக் கோட்பாடு என்று பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒவ்வொருவருக்கும் ஒரு காவல் தூதரா?

சபைகள் இங்கே வெவ்வேறாகப் பேசுகின்றன. சிறியவர்களை அற்பமாக எண்ணாதீர்கள், அவர்களுடைய தூதர்கள் என் பிதாவின் முகத்தை எப்போதும் காண்கிறார்கள் என்று இயேசு சொன்னது முக்கிய ஆதாரம். ஒவ்வொரு மனிதருக்கும் ஒரு தூதர் துணை உண்டு என்பது கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் நம்பிக்கை. அக்டோபர் 2 காவல் தூதர்களின் நாளாகக் கத்தோலிக்கரால் கொண்டாடப்படுகிறது. 16-ஆம் நூற்றாண்டில் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் எழுதிய காலை ஜெபத்திலும், உமது பரிசுத்த தூதன் என்னோடு இருப்பாராக என்று கடவுளிடம் ஒரு வேண்டுதல் இருக்கிறது. இன்னொரு சீர்திருத்தத் தலைவரான ஜான் கால்வின், ஆளுக்கொருவர் என்று உறுதியாகச் சொல்லத் தயங்கினார். ஒரே ஒரு தூதர் அல்ல, எல்லாத் தூதர்களும் நம் நலனைக் கவனிக்கிறார்கள் என்பதே நமக்குப் போதும் என்பது அவர் வாதம். எண்ணிக்கையில்தான் வேறுபாடு; கடவுள் தம் தூதர்கள் மூலம் காக்கிறார் என்பதில் இல்லை.

வீழ்ந்தவர்கள்

சாத்தானைக் கடவுளுக்குச் சமமான எதிர்க்கடவுள் என்று பலர் நினைக்கிறார்கள். கிறிஸ்தவம் அப்படிச் சொல்வதில்லை. முன்னே சொன்ன 1215-ஆம் ஆண்டு சங்கத்தின் கூற்றுப்படி, சாத்தானும் மற்றப் பேய்களும் நல்லவர்களாகவே படைக்கப்பட்டு, தாங்களாகவே தீயவர்களானவர்கள். தன் சொந்தக் கணக்கில் பேரம் பேசிய தூதுவரை நினைவிருக்கிறதா? வீழ்ச்சி என்பது அதுதான்: அனுப்பப்பட்டவர் அனுப்பியவரை உதறிவிட்டுத் தன்னையே மையமாக்கிக்கொள்வது. ஆகவே சாத்தானும் ஒரு படைப்புத்தான்; எல்லைக்குட்பட்டவன்தான். வெளிப்படுத்தல் 12-இல் அவனை எதிர்த்துப் போரிடுவது மிகாவேலும் அவரைச் சேர்ந்த தூதர்களும் என்பதையும் கவனியுங்கள். கடவுளுக்குச் சமமான எதிரியாக அவன் அங்கே நிற்கவில்லை.

சாத்தானுக்கு வசனமும் தெரியும். உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார் என்ற 91-ஆம் சங்கீத வரியைச் சொல்லித்தான் அவன் இயேசுவை ஆலய உச்சியிலிருந்து குதிக்கச் சொன்னான். தூதர்களைப் பற்றிய வாக்குறுதியையே கடவுளைச் சோதிக்கும் கருவியாக்கப் பார்த்தான். இயேசு மறுத்துவிட்டார்.

தூதர்களை வணங்கலாமா?

கூடாது. இதில் எல்லாச் சபைகளும் ஒன்று. வெளிப்படுத்தலின் கடைசி அதிகாரத்தில் அதை எழுதிய யோவானே தூதரின் பாதத்தில் விழுந்து வணங்கப் போகிறார். தூதர் பதறித் தடுக்கிறார்: இப்படிச் செய்யாதே, நான் உன் உடன் ஊழியக்காரன், தேவனைத் தொழுதுகொள்.

எனக்காக வேண்டிக்கொள்ளும் என்று தூதர்களிடம் கேட்கலாமா என்பது வேறு கேள்வி. கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையினரும் கேட்கலாம் என்கிறார்கள். ஒரு நண்பரிடம் ஜெபிக்கச் சொல்வதைப் போல, வணக்கத்தைக் கடவுளுக்கே வைத்துக்கொண்டு. சீர்திருத்த சபைகள் பெரும்பாலும் அதையும் தவிர்த்து, கடவுளிடம் மட்டுமே ஜெபிக்கின்றன. இருவரும் சேர்ந்து மறுப்பது ஒன்று உண்டு: தூதர்களை அழைத்துக் குறி கேட்பது, அவர்கள் பெயரில் சீட்டு எடுப்பது, எண்களில் அவர்களுடைய ரகசியச் செய்தியைத் தேடுவது. வேதாகமத்துத் தூதர் யாரும் மனிதர் கூப்பிட்டு வருவதில்லை. வந்தவர்களும் புதிர் போட்டு ஊகிக்க விடவில்லை. இயேசு பிறந்த இரவில் மேய்ப்பர்களிடம் வந்த தூதர், பயப்படாதிருங்கள் என்று தொடங்கி, பிறந்திருப்பவர் யார், எந்த ஊர், எப்படி அடையாளம் காண்பது என்று எல்லாவற்றையும் சொன்னார். வானத்திலிருந்து வந்த தூதனே வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும் ஏற்காதீர்கள் என்று கலாத்தியருக்குப் பவுல் எழுதினார். ஆகவே ஒருவர் தூதரைக் கண்டேன் என்று சொன்னால், எப்படி இருந்தார் என்று கேட்பதற்கு முன்னால், என்ன சொன்னார், அது கிறிஸ்துவிடம் கொண்டுபோகிறதா என்று கேளுங்கள்.